பங்குனாவில் யாருக்குப் பங்கு?

மதிலோரத்தில் காகிதப்பூ பூத்துக் குலுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஊதா, சிவப்பு, வெள்ளை — எத்தனை வண்ணம்! மணம் இல்லை; முள் உண்டு. அந்தப் பூவுக்கு வெள்ளைக்காரர் இட்ட பெயர் போகன்வில்லா. லூயி அந்துவான் த போகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடி கப்பலில் உலகைச் சுற்றி வந்தார். உடன் சென்ற தாவரநூல் அறிஞர் தென் அமெரிக்காவில் அந்தக் கொடியைக் கண்டு, தலைவரின் பெயரை அதற்குச் சூட்டினார். அதே பயணத்தில், 1768-ஆம் ஆண்டு, பசிபிக் மாகடலில், நியூகினிக்குக் கிழக்கே மலை மண்டிய தீவொன்றைக் கப்பல் கடந்தது. அந்தத் தீவுக்கும் அதே பெயர் விழுந்தது: போகன்வில்!

பூவின் சம்மதத்தைக் கேட்டுப் பெயர் வைப்பார் இல்லை. தீவிலே வாழ்ந்தவர்களின் சம்மதத்தையும் கேட்கவில்லை. ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக அங்கே குடியிருந்து, கிழங்கு பயிரிட்டு, தென்னை வளர்த்து, தமக்கென மொழிகள் பலவற்றைப் பேசி வந்த மக்கள், கப்பலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்த காரணத்தால், போகன்வில் தீவினர் ஆயினர்.

பிறகு ஜெர்மனி வந்தது. 1899-இல் சாமோவா தீவுகளின் பேரத்திலே சாலமன் தீவுக் கூட்டத்தின் ஒரு பகுதியைப் பிரிட்டனுக்குக் கொடுத்துவிட்டு, போகன்வில்லைத் தன் கையிலே வைத்துக்கொண்டது. 1914-இல் ஆஸ்திரேலியா பிடித்தது. 1942-இல் ஜப்பான் வந்தது; போர் முடிந்ததும் மீண்டும் ஆஸ்திரேலியா. 1975-இல் பாப்புவா நியூகினி என்னும் புதிய நாட்டோடு சேர்த்துக் கட்டினர். ஐந்து கைகள் மாறிய நிலம்! ஒவ்வொரு கையும் மாறும்போது மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் யார் யாரோ. அந்த மண்ணில் பிறந்தவர் மட்டும் இல்லை.

இத்தனை கை மாறியும், அந்தத் தீவின் நடுமலையிலே என்ன இருக்கிறது என்பது பல காலம் எவருக்கும் முழுதாகத் தெரியாது. இருந்தது செம்பு. பங்குனா என்பது இடத்தின் பெயர். பங்குனி மாதத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஆனாலும் தமிழனுக்கு அந்தப் பெயரில் ‘பங்கு’ என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. பெயரிலே பங்கு இருந்தது. பெற்றவர் யார் என்பதுதான் வழக்கு. அந்த வழக்கிலே ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின.

வழக்கைப் பேசுமுன் பாறையைப் பேச வேண்டும். பாறையைப் புரிந்துகொள்ளாதவர் வழக்கையும் புரிந்துகொள்ள மாட்டார்.

நான் கல்லூரிப் படி ஏறியவன் அல்லன். பள்ளியிலே, “எரிமலை நெருப்பைக் கக்கும்” என்று ஆசிரியர் சொன்னதோடு என் பாடம் முடிந்தது. அந்த நெருப்புக்கு அடியிலே ஒரு பட்டறை நடக்கிறது என்பதைப் பின்னால் படித்துத்தான் அறிந்தேன். கடலின் அடித்தளமாகிய பாறைத் தகடு ஒன்று மற்றொரு தகட்டின் கீழே மெல்ல மெல்ல நுழைகிறது. ஆண்டுக்குச் சில விரற்கடை தூரந்தான். நுழையும்போது தன்னிடம் ஊறிய நீரையும் கொண்டு போகிறது. ஆழத்திலே அந்த நீர் வெளிப்பட்டு, மேலிருக்கும் பாறையை உருக வைக்கிறது. உருகிய குழம்பு மேலே ஏறுகிறது. ஒரு பகுதி எரிமலையாக வெடிக்கிறது. மற்றொரு பகுதி, வெளியே வர வழியின்றி, பூமிக்குள்ளேயே சில கிலோமீட்டர் ஆழத்தில் தங்கி உறைகிறது. உறையும்போது தன்னுள் அடங்கியிருந்த கொதிநீரைக் கக்குகிறது. அந்த நீரின் அழுத்தம் சுற்றியுள்ள பாறையை நொறுக்குகிறது. கண்ணாடி விரிசல் விடுவது போல ஆயிரம் பதினாயிரம் கீறல்கள்! கொதிநீரிலே கரைந்து வந்த செம்பும் தங்கமும் கந்தகமும் அந்தக் கீறல்களிலே படிகின்றன. பொன் நிறத்திலே மின்னும் சால்கோபைரைட் என்னும் செம்புத் தாது அப்படித்தான் பிறக்கிறது.

இதற்குப் பார்ஃபிரி செம்புப் படிவு என்று பெயர். பார்ஃபிரி என்றால், நுண்ணிய பாறை மாவிலே பெரிய பெரிய படிகங்கள் பதிந்த கல். நம் வீட்டுத் தட்டையிலே கடலைப்பருப்பு பதிந்திருக்கிறதே, அது போல.

பங்குனாவில் இந்தப் பட்டறை வேலை நடந்தது ஏறத்தாழ 30 இலட்சம் முதல் 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. “அவ்வளவு பழமையா?” என்று வியக்க வேண்டாம். நிலநூல் கணக்கிலே அது நேற்று! நம் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்துத் தேய்ந்த கோலார் தங்கவயலின் பாறைகள் 250 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. அந்தக் கிழவிக்கு முன் பங்குனா கைக்குழந்தை. இன்றும் அந்தத் தீவிலே பகானா என்னும் எரிமலை புகைந்துகொண்டிருக்கிறது. குழந்தையாக இருந்ததாலேயே தாது மேலே கிடந்தது. மலை வேகமாக உயர்ந்தது. ஆண்டுக்கு நான்கு மீட்டர் அளவுக்குக் கொட்டும் மழை — நம் சென்னையிலே பெய்வதைப் போல மூன்று மடங்கு — மலையின் முகட்டைக் கரைத்தது. உள்ளே ஒளிந்திருந்த செம்பு ஓடைக்கரைக்கு வந்துவிட்டது.

முதலில் கண்ணில் பட்டது செம்பு அல்ல, தங்கம். 1930-ஐ ஒட்டிய காலத்திலே, பங்குனாவுக்கு அருகே, குப்பெய் என்னுமிடத்தில் தங்கம் கிடைத்தது. வெள்ளைக்காரர் சிலர் சிறு அளவில் வெட்டினர். 1936-இல் ஆட்சியின் நிலநூல் அறிஞர் என். எச். ஃபிஷர் அங்கே சென்று பார்த்து அறிக்கை எழுதினார். தங்கத்தோடு செம்புத் தாதுவும் கலந்திருப்பதைக் குறித்துவைத்தார். அறிக்கை அலுவலக அலமாரிக்குப் போயிற்று. யுத்தம் வந்தது; குப்பெய் மூடப்பட்டது; காடு வளர்ந்து வழியை மறைத்தது.

கால் நூற்றாண்டு கழித்து, 1960-களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலிய அரசின் நிலநூல் அறிஞர் ஜே. இ. தாம்சன் அந்த மலையை மறுபடியும் ஆராய்ந்தார். அதே காலத்தில் கான்சிங்க் ரியோடின்டோ ஆஸ்திரேலியா என்ற பெருங்கம்பெனியைச் சேர்ந்த கென் பிலிப்ஸ் பழைய அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிலிப்பைன்ஸ் தீவுகளிலே பார்ஃபிரி செம்பை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே எரிமலை வளையம், அதே வகைப் பாறை, அதே போலத் தங்கமும் செம்பும் கலந்த குறிப்பு. பங்குனாவில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்று பிலிப்ஸ் கேட்டார். சிலர் மலையைத் தோண்டிப் புதையல் எடுப்பார்கள். இவர் காகிதத்தைத் தோண்டி எடுத்தார். அறிவு வேலை என்றால் அதுதான், பாராட்டுவோம். அலமாரியிலே 27 ஆண்டுகள் தூங்கிய அறிக்கையை எழுப்பியவர் கெட்டிக்காரர்தான்.

1963-இல் கம்பெனி தேடும் உரிமம் பெற்றது. 1964-இல் பிலிப்ஸ் குழுவோடு மலையேறினார். ஓடைகளில் இறங்கினர். ஓடை மணலை அள்ளிப் பைகளிலே போட்டனர். பாறையிலே செம்பு இருந்தால், அதை அரித்து வரும் ஓடையின் மணலிலும் அதன் துளி இருக்கும். பத்து இலட்சத்திலே சில பங்கு இருந்தாலும் சோதனைச்சாலை கண்டுபிடித்துவிடும். ஒவ்வோர் ஓடையாக அளந்து, எந்த ஓடையிலே செம்பு மிகுதி என்று பார்த்து, அந்த ஓடையின் வழியே மேலேறிப் போனால், தாய்ப்பாறை கிடைக்கும். அப்படித்தான் கிடைத்தது. ஓடை காட்டிக்கொடுத்தது! இதை நினைவில் வையுங்கள். காட்டிக்கொடுத்த ஓடைக்கு என்ன பரிசு கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதே ஆண்டின் இறுதியில் வைரமுனைத் துளைக்கருவிகள் வந்தன. குழாய் போன்ற அந்தக் கருவி மலைக்குள் இறங்கி, கைத்தடி போன்ற உருளைப் பாறையை அறுத்து எடுத்து வரும். பெட்டிகளிலே அடுக்கி, அடி அடியாக அளந்து, பொடித்துச் சோதித்தனர். ஒரு துளை, இரண்டு துளை அல்ல, ஐந்தாண்டு துளைத்தனர். 1969-இல் கணக்கு முடிந்தது: ஏறத்தாழ 90 கோடி டன் தாது. அதிலே செம்பு 0.48 சதவீதம். தங்கம், டன்னுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல்.

இந்த 0.48 என்ற எண்ணைச் சும்மா கடந்து போய்விடாதீர்கள். போகன்வில் மக்களின் தலையெழுத்தை எழுதிய எண் அது.

ஆயிரம் கிலோ பாறையை வெட்டினால், செம்பு 5 கிலோ கூட இல்லை. ஒரு பவுன் தங்கம் சேர 15 டன் பாறை வேண்டும். மீதி? தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து கிலோ மீதி! வெடிவைத்து, பொடியாக்கி, அரைத்து, தண்ணீரிலே கலக்கி, தாதுத்தூளை மிதக்கவைத்து வழித்தெடுத்த பிறகு, சேறாக மிஞ்சுவது அத்தனையும் கழிவு. குப்பெய் தங்கத்துக்கு ஒரு சிறு குழி போதும். நரம்பு போல ஓடும் தாதுவை மட்டும் தொடர்ந்து வெட்டலாம். பார்ஃபிரிக்கு அது போதாது. மலை முழுவதையும் அள்ளியாக வேண்டும். நாளொன்றுக்குப் பல்லாயிரம் டன் அள்ளினால்தான் கட்டுப்படியாகும். ஆகவே முதல் உருளைப் பாறை பெட்டியிலே விழுந்த அன்றைக்கே இரண்டு கேள்விகள் பிறந்துவிட்டன: இந்த மலை யாருடையது? இந்தக் கழிவு எங்கே போகும்?

செம்பு எவ்வளவு என்பதை நூற்றிலே ஒரு பங்கின் நூறாவது பங்கு வரை அளந்தவர்கள், இந்த இரண்டு கேள்விகளையும் அளக்கவில்லை.

பங்குனா மலையிலே வாழ்பவர் நாசியோய் மொழி பேசும் மக்கள். அவர்களிடம் நிலம் தாய்வழியிலே வருகிறது. தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு. ஆண் பேசலாம், வாதாடலாம். நிலத்தின் வேர் பெண்ணிடம். அவர்கள் நிலத்தை விற்பதில்லை. விற்க முடியும் என்ற எண்ணமே இல்லை. இறந்தவர் அதில் இருக்கிறார். பிறக்கப்போகிறவரும் அதில் இருக்கிறார்.

சட்டம் வேறொன்று சொல்லிற்று. மேல்மண் உன்னுடையது, அடியிலே இருக்கும் கனிமம் அரசுடையது. “என் வீட்டுக் கூரை என்னுடையது, தரையும் என்னுடையது, தரைக்குக் கீழே இருப்பது மட்டும் எப்படி உன்னுடையது ஆயிற்று?” என்று நாசியோய்த் தாய் கேட்டாள். சட்டப்புத்தகத்தைக் காட்டினர். புத்தகம் எழுதியபோது அவளைக் கேட்டார்களா? பூவைக் கேட்டது போலத்தான்!

துளையிட வந்தவர்களை மலை மக்கள் தடுத்தனர். நட்ட முளைகளைப் பிடுங்கி எறிந்தனர். காவலர் துணையோடு துளையிடல் நடந்தது. 1966-இல் ஆஸ்திரேலிய அமைச்சர் சார்லஸ் பார்ன்ஸ் கீட்டா நகருக்கு வந்தார். மக்கள் கேட்டனர்: எங்கள் மலையிலிருந்து எடுப்பதிலே எங்களுக்கு என்ன? தனியாக ஒன்றும் இல்லை என்பதுதான் அமைச்சரின் பதில். நன்மை நாடு முழுமைக்கும் போகுமாம்; மலையை இழப்பவருக்கென்று தனிப்பங்கு கிடையாதாம். இழப்பு மட்டும் தனி உடைமை, இலாபம் மட்டும் பொது உடைமை — விசித்திரமான சமதர்மம்!

அந்த ஆண்டே சட்டமன்றத்திலே ஒரு குரல் எழுந்தது. பால் லாப்புன் என்ற போகன்வில் உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கம்பெனி அரசுக்குச் செலுத்தும் உரிமைத்தொகையிலே நூற்றுக்கு ஐந்து, நிலத்துக்கு உரியவர்களுக்குப் போகட்டும் என்றார். ஆட்சியாளர் எதிர்த்தனர். ஆனாலும் தீர்மானம் வென்றது! துப்பாக்கி இல்லை, கூச்சல் இல்லை. ஒரு மன்றம், ஒரு மனிதன், ஒரு திருத்தம். இந்த வெற்றியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் மதித்துவிட்டுக் கணக்கும் போட வேண்டும். உரிமைத்தொகை எவ்வளவு? விற்கும் சரக்கின் மதிப்பிலே நூற்றுக்கு ஒன்றேகால். அந்த ஒன்றேகாலிலே நூற்றுக்கு ஐந்து. நூறு ரூபாய்ச் சரக்கு போனால் அரசுக்கு ஒன்றேகால் ரூபாய். அதிலே மலைக்கு உரியவருக்கு ஆறேகால் காசு! போராடிப் பெற்ற வெற்றியின் அளவே அதுதான் என்றால், போராடாமல் இருந்திருந்தால்?

1967-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1969 ஆகஸ்டில் கடற்கரையிலே, ரொரோவனா மக்களின் நிலம், துறைமுகத்துக்கு வேண்டும் என்றனர். மக்கள் தர மறுத்தனர். கலகம் அடக்கும் காவலர் தலைக்கவசத்தோடு வந்திறங்கினர். எதிரே நின்றவர் யார்? பெண்கள்! கைக்குழந்தையோடு நின்ற தாய்மார்! முளைக்குச்சியைப் பிடுங்கிய கைகளின் மீது தடி விழுந்தது. கண்ணீர்ப்புகை வீசினர். அந்தக் காட்சி ஆஸ்திரேலியப் பத்திரிகைகளிலே வெளியாகி, அந்நாட்டு மக்களே வெட்கினர். பிரதமர் ஜான் கார்டன் வரைக்கும் விவகாரம் போயிற்று. பேச்சு நடந்தது, தொகை கூடிற்று. துறைமுகமும் கட்டப்பட்டது.

பங்குனாப் பள்ளத்தாக்கிலே மொரோனி என்ற சிற்றூர் இருந்தது. அதைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தனர். காட்டுக்கு ஹெலிகாப்டரிலிருந்து நச்சு மருந்து தெளித்து மரங்களைக் கொன்றனர். மேல்மண்ணை நீர்ப்பீரங்கி கொண்டு கரைத்து ஆற்றிலே விட்டனர். 1972 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கிற்று.

சுரங்கத்தால் நன்மையே இல்லை என்று சொல்பவன் அல்லன் நான். அராவா என்ற நகரம் எழுந்தது, மருத்துவமனை வந்தது, பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது, தீவு இளைஞர் பலர் தொழில் கற்றனர். 1974-இல் உள்ளூர்த் தலைவர்கள் ஒப்பந்தத்தைத் திருத்தி அரசின் வரியைக் கூட்டினர்; அதுவும் மெச்சத்தக்கதே. செம்பு விலை ஏறியிருந்த 1973-ஆம் ஓராண்டில் மட்டும் கம்பெனிக்கு இலாபம் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். அந்த இலாபத்தைப் பார்த்த பிறகுதான் திருத்தமே வந்தது.

1972 முதல் 1989 வரை 17 ஆண்டுகள். எடுத்தது 30 இலட்சம் டன் செம்பு, 306 டன் தங்கம், 784 டன் வெள்ளி. பாப்புவா நியூகினி நாட்டின் ஏற்றுமதியிலே நூற்றுக்கு 44 இந்த ஒரு பள்ளத்திலிருந்து போயிற்று! பகிர்ந்த பணத்திலே தலைநகரத்து அரசுக்கு நூற்றுக்கு 62. வெளிநாட்டுப் பங்குதாரருக்கு 33. தீவின் மாகாண அரசுக்கு 4. நிலத்துக்கு உரியவருக்கு, நட்டஈட்டையும் சேர்த்து, ஒன்றரைக்கும் குறைவு. பாறையிலே செம்பு அரைக்கால் அரை என்று இருந்ததைக் குறைந்த தரம் என்றார்களே, இந்தப் பங்கின் தரத்தை என்னவென்று சொல்வது?

சரி, அந்தக் கழிவு? மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றவில்லை. 100 கோடி டன்னுக்கும் மேல் காவரோங் ஆற்றிலும் ஜாபா ஆற்றிலும் கொட்டினார்கள். மலையிலே செம்பு இருக்கிறது என்று மணலிலே எழுதிக் காட்டிய ஓடைகளுக்குக் கிடைத்த பரிசு அது! ஆற்றின் அடி உயர்ந்தது, வெள்ளம் கரை தாண்டித் தோட்டங்களிலே சேற்றைப் பரப்பிற்று, மீன் போயிற்று, ஆற்றைக் கடக்கும் இடங்கள் புதைமணல் ஆயின. இப்போது அங்கே போகிறவர் நீல வண்ணம் படிந்த கற்களைக் காண்கிறார். பாறையிலே மிஞ்சிய செம்பும் கந்தகமும் காற்றும் மழையும் பட்டுக் கரைந்து, அமிலமாக வழிகின்றன. அதுவும் நிலநூல்தான். ஆனால் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்திலே அந்த அத்தியாயம் இல்லை.

1987-இல் பெர்பெச்சுவா செரேரோ என்ற பெண்மணி தலைமையில், பிரான்சிஸ் ஓனா செயலாளராக, நில உரிமையாளரின் புதிய சங்கம் எழுந்தது. ஓனா அதே சுரங்கத்திலே வேலை பார்த்தவர். அள்ளுவதையும் கொட்டுவதையும் உள்ளேயிருந்து பார்த்தவர். 1,000 கோடி கினா நட்டஈடு கேட்டார்கள். கினா அந்நாட்டு நாணயம். எள்ளி நகைத்தனர். ஆய்வு செய்ய நிபுணர் வந்தனர். மக்கள் சொல்லும் நோய்களுக்கும் சாவுகளுக்கும் இரசாயன நஞ்சு காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றனர். ஓனா கூட்டத்தை விட்டு வெளியேறினார். 1988 நவம்பரில் சுரங்கத்து வெடிமருந்து களவு போயிற்று, மின்கோபுரங்கள் சாய்ந்தன. 1989 மே 15 அன்று சுரங்கம் நின்றது.

பின் வந்தது போர். நினைக்கவே நெஞ்சு பதறும் போர். அரசுப் படை வந்தது, கிராமங்கள் எரிந்தன, தீவினருக்குள்ளேயே பகை மூண்டு, அண்ணன் தம்பி எதிரெதிர் நின்றனர். 1990-இல் தீவை முற்றுகையிட்டனர், மருந்துக்கும் வழியில்லை. மக்கள் தேங்காய் எண்ணெயில் வண்டி ஓட்டினர். கைவிடப்பட்ட சுரங்கத்தின் குழாயையும் இயந்திர உறுப்புகளையும் பெயர்த்து, ஓடை நீரிலே மின்சாரம் எடுத்தனர். 1997-இல் கூலிப்படையைக் கொண்டுவந்து சுரங்கத்தை மீட்கத் தலைநகர் திட்டமிட்டது. அந்நாட்டுப் படைத்தலைவரே, ஜெரி சிங்கிரோக் என்பவர், அதை எதிர்த்து எழுந்தார், கூலிப்படை திரும்பிற்று. 1998-இல் போர் நின்றது. மாண்டவர் 15,000 முதல் 20,000 வரை என்பது பரவலான மதிப்பீடு. தீவின் மக்கள்தொகை அப்போது 2 இலட்சத்தையும் எட்டவில்லை. பத்து வீட்டுக்கு எத்தனை சாவு என்று நீங்களே கணக்கிடுங்கள்.

2001-இல் அமைதி ஒப்பந்தம். 2005-இல் தன்னாட்சி அரசு. 2015-இல் அந்த அரசு புதிய கனிமச் சட்டம் இயற்றிற்று. மரபுவழி நிலத்தின் அடியிலுள்ள கனிமம் நிலத்துக்கு உரியவருடையது என்று சட்டம் கூறிற்று. நாசியோய்த் தாய் 1960-களிலே கேட்ட கேள்விக்கு அரை நூற்றாண்டு கழித்துச் சட்டப்புத்தகம் பதில் எழுதிற்று! 2019-இல் மக்கள் வாக்களித்தனர்: தனிநாடு வேண்டும் என்போர் நூற்றுக்கு 97.7. ஏறத்தாழ 1,81,000 வாக்குகளிலே 1,76,928.

“சுரங்கம் போயிற்று, சனியன் விட்டது” என்று முடித்துவிடலாமா? முடியாது, நண்பர்களே! 2012-இல் போட்ட கணக்குப்படி பங்குனாவிலே இன்னும் 53 இலட்சம் டன் செம்பும், 190 இலட்சம் அவுன்சுக்கு மேல் தங்கமும் மிச்சம். எடுத்ததைவிட இருப்பது அதிகம்! புகை கக்காத மின்வண்டிக்குச் செம்பு வேண்டும். காற்றாலைக்குச் செம்பு வேண்டும். மின்கம்பிக்குச் செம்பு வேண்டும். காற்றைச் சுத்தமாக்க உலகம் கேட்கும் செம்பு எவர் ஆற்றை அழுக்காக்கி வரும் என்ற கேள்வி மறுபடியும் அந்த மலையடியிலே வந்து நிற்கிறது. தனிநாட்டுக்குப் பணம் வேண்டும். பணம் அந்தப் பள்ளத்திலே இருக்கிறது. அங்குள்ள தலைவர்களின் சங்கடத்தை இங்கே உட்கார்ந்து ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சுரங்கத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய இஷ்மாயில் தோரோவாமா 2020-இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அரசே சுரங்கத்தைத் திறப்பது பற்றிப் பேசிற்று.

கம்பெனியோ, 2016-இல் தன் பங்குகளைத் தன்னாட்சி அரசுக்கும் தலைநகர் அரசுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு வெளியேறிற்று. செம்பு போன இடம் கப்பலுக்குத் தெரியும்; இலாபம் போன இடம் பங்குதாரருக்குத் தெரியும்; சேறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆற்றோரத்து மக்கள் 2020-இல் ஆஸ்திரேலியாவிலே முறையிட்டனர். அதன் பயனாகக் கேட்டை அளக்க ஓர் ஆய்வு தொடங்கிற்று. அதன் முதற்கட்ட அறிக்கை 2024 டிசம்பரில் வெளியாயிற்று. சேறு இன்னும் நகர்கிறது, வெள்ளம் இன்னும் ஏறுகிறது, கைவிட்ட கட்டடங்கள் சரியும் நிலையில் உள்ளன, மக்கள் உயிருக்கு ஆபத்து உண்டு என்றெல்லாம் அது பட்டியலிட்டது. சுரங்கம் நின்று 35 ஆண்டுகளுக்குப் பிறகு!

அதே 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் பங்குனாவில் தாது தேடும் உரிமம் மீண்டும் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஆம், தேடும் உரிமம்! 1963-இல் கொடுத்தார்களே, அதே வகைக் காகிதம். இம்முறை அதைப் புதுப்பிக்குமுன் அந்த மலையின் நில உரிமையாளரைக் கூட்டிவைத்து விசாரணை நடத்தினார்கள். ஜாபா ஆற்றங்கரையிலே, சேறு மூடிய தோட்டத்துக்கு மேலே, வேறு தோட்டம் போட்டுக் கிழங்கு நட்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.